பட்டினிப் பூ

மார்கழி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கோலத்தின் ஈரம் காயாத காலை நேரம். ஒரு குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் முக்கி முனகி நுழைந்து, நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து என் மகள் ரேவதி இறங்கினாள். கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொடுத்த பெண். பொங்கலுக்கு நாள் இருக்கும்போதே, மாப்பிள்ளை இல்லாமல், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், லோடு வண்டியில் ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் தெளித்த இடத்தையே திரும்பத் தெளித்தார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குக் கடைவாய்ப் பல் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

எல்லாருடைய பார்வையும் வண்டியின் பின்பக்கத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த பீரோ வருகிறதா, கட்டில் வருகிறதா, பிரிட்ஜ் வருகிறதா? பீரோ வந்தால் முழுசாக முடிந்துவிட்டது என்று பொருள். பெட்டி மட்டும் வந்தால் சமாதானத்துக்கு இடம் இருக்கிறது. இதெல்லாம் எங்கள் பக்கத்துச் சட்டம். எந்த வக்கீலும் படித்திருக்க மாட்டார்.

டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு சூட்கேஸ், ஒரு மிக்சி. மீதி வண்டி முழுக்கப் பூந்தொட்டிகள்.

ரோஸ், வெள்ளை, கத்தரிப்பூ நிறம், வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டது என்று ஒவ்வொரு தொட்டியிலும் புனல் மாதிரி வாயைத் திறந்துகொண்டு கொத்துக் கொத்தாகப் பூக்கள். வழியெல்லாம் காற்றில் அடிபட்டு, குடித்துவிட்டு வந்த ஆட்கள் மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

தெரு தீர்ப்பு எழுத முடியாமல் திணறியது. பீரோவும் இல்லை, வெறும் பெட்டியும் இல்லை. பூந்தொட்டியோடு வந்தால் எந்தப் பிரிவில் சேர்ப்பது?

மாப்பிள்ளை பின்னால் வருகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்புறம் அவள் கேட்டது ஒன்றுதான்.

“வெயிலு நல்லா படற எடம் எதும்மா?”

தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது

மானாம்பதி கூட்டுரோட்டில் இறங்கி ஏரிக்கரையோரமாக நடந்தால் வரும் ஊர் எங்களுடையது. இங்கே பூ என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். மல்லி தலைக்கு. கனகாம்பரமும் தலைக்கு. அரளி சாமிக்கு. சாமந்தி சாமிக்கும் சாவுக்கும். வேலை இல்லாமல் சும்மா நிற்கிற பூவை எங்கள் ஊர்க்காரர்கள் வேலை இல்லாமல் சும்மா நிற்கிற பையனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு மல்லிகா. என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிடப் பத்து மடங்கு விவரம் தெரிந்தவள். மகள் ஏன் வந்தாள் என்று கேட்கத்தான் வந்தாள். அதை நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்பதால் பூவை விசாரித்தாள். இதன் பேர் என்ன?

பெட்டூனியா என்றாள் ரேவதி.

“பட்டினியாவா? பேரே ஒரு மாதிரியா கீதே” என்றாள் மல்லிகா.

சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் பட்டினிப் பூ ஆகிவிட்டது. வாழப்போன இடத்திலிருந்து பட்டினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று சிலர் சொன்னதாகவும் காதில் விழுந்தது. எங்கள் ஊரில் கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லை.

மறுநாள் மல்லிகா ஒரு பூவைப் பறித்து மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. தொடுக்கப் பார்த்தாள். காம்பு நாரில் நிற்காமல் துவண்டது. இலையைத் தொட்ட விரல் பிசுபிசுத்தது; கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனாள். பின்னாலேயே அவள் வீட்டு ஆடு வந்து ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, சுவரொட்டியே பரவாயில்லை என்பது போலத் திரும்பிப் போனது.

என் வீட்டுக்காரர் பயிர் வைக்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அறுப்புக்கு ஆள் சொல்லிவிட்டு வந்தவர் தொட்டி வரிசையைப் பார்த்து நின்றார். தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது, வாயிலும் போட முடியாது, ஆனால் தினம் தண்ணீர் கேட்கும், நம் வீட்டு ஆம்பளை மாதிரி என்று நான் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே முதல் பாதியைச் சொல்லிவிட்டார். இரண்டாவது பாதியை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதிகாரிக்காக வந்த குரோட்டன்ஸ்

வேலை இல்லாத செடியோடு எனக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குச் சலித்துப்போகிற அளவு தெரியும். ஒருமுறை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லாச் சத்துணவுக்கூடத்திலும் காய்கறித் தோட்டம் போட வேண்டும். போட்டோம். கத்தரியை ஆடு தின்றது. வெண்டையைப் பிள்ளைகள் பச்சையாகவே தின்றார்கள். கீரையை யார் தின்றார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்னும் இரண்டு நாளில் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சேதி. தலைமை ஆசிரியர் உடனே தெரிந்தவர் வீட்டிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கடன் வாங்கி வரிசையாக அடுக்கிவிட்டார். அதிகாரி வந்தார், தோட்டம் பிரமாதம் என்றார், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். குரோட்டன்ஸை எந்தக் குழம்பில் போடுவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவர் ஜீப் தெருமுனை தாண்டியதும் தொட்டிகள் தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டன.

அன்றிலிருந்து தொட்டியில் வைக்கிற செடி என்றால் யாரோ பார்க்க வருகிறார்கள் என்பதற்காக வைப்பது என்றுதான் என் மனசில் பதிந்திருந்தது. ரேவதியின் தொட்டிகளையும் அப்படித்தான் நினைத்தேன். ஊர் பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்புக்கு வைத்திருக்கிறாள் என்று.

கிள்ளுகிற வேலை

பொங்கல் கழிந்ததும் ரேவதி உத்திரமேரூரில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை தேடிக்கொண்டாள். காலை பஸ்ஸுக்கு ஓடவேண்டும். தொட்டிகள் என் தலையில் விழுந்தன.

தண்ணீர் ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்று, முதல் நாள் மாலை சாமிக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி தலையிலிருந்து ஊற்றினேன். காலையில் பார்த்தால் பூவெல்லாம் நனைந்த காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கின. பூ மேல் படக்கூடாதாம். மண்ணில்தான் விடவேண்டுமாம். அதுவும் காலையிலாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் விடவேண்டுமாம். நான் பெற்ற மூன்றையும் இத்தனை விசாரித்துத் தண்ணீர் கொடுத்து வளர்க்கவில்லை.

அடுத்தது கிள்ளுகிற வேலை. பூத்து வாடிய பூவைத் தினமும் எடுக்க வேண்டும். இதழை மட்டும் உருவினால் போதாது, அதற்குக் கீழே இருக்கிற பச்சை முடிச்சோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். முடிச்சை விட்டுவைத்தால் உள்ளே விதை கட்டும். விதை கட்டிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். நீளமாகக் கால் நீட்டிய கிளைகளையும் நுனியில் நறுக்க வேண்டும். நறுக்கினால்தான் பக்கத்தில் தழைக்கும்.

நான் வாசலில் உட்கார்ந்து கிள்ளுவதை மல்லிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ரேவதிக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷமாகக் குழந்தை இல்லை. செடியைக்கூட விதை கட்ட விடமாட்டேன் என்கிறாளே உன் பெண் என்று அவள் சொன்னதில், அவள் வரைக்கும், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வெயில் எப்படி என்று விசாரிப்பது போல எங்கள் ஊரில் கருப்பையைப் பற்றி விசாரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் இந்தக் கிள்ளலையெல்லாம் பார்த்துவிட்டு, நெல்லுக்கு இத்தனை சேவகம் செய்தால் மூட்டையாவது கூடும் என்றார். ஆனால் ரேவதி மக்கின எரு கேட்டபோது, நெல்லுக்கே பத்தவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே குப்பைமேட்டின் அடியிலிருந்து பொடிப்பொடியாக உதிர்கிறதாகப் பார்த்து வாரிக்கொண்டு வந்து வைத்தார். மேலே கிடந்த பச்சைச் சாணியை வாரிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அண்ணன் வரும் ஞாயிறு

எனக்கு ஓர் அண்ணன். பெருநகர் என்கிற ஊரில் இருக்கிறார். ரேவதிக்கு இந்த வரனைக் கொண்டுவந்தவர் அவர்தான். நல்ல இடம், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, குடி கிடையாது, பீடி கிடையாது, குரல் உயர்த்திப் பேசமாட்டான் என்று சத்தியம் செய்தவர். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஞாயிறு தவறாமல் டிவிஎஸ் வண்டியில் வந்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, குடும்பம் என்றால் என்ன என்று விளக்குவார். அவர் மனைவி அவரோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அந்த அனுபவத்தில் அவர் சொல்லும்போது நாம் மறுக்க முடியாது.

ரேவதியிடமும் கேட்பார். என்ன குறை என்று கேட்டால், ஒன்றும் இல்லை, நான் போகமாட்டேன் என்பாள். அடித்தாரா? இல்லை. வேறு பெண் சகவாசமா? இல்லை. அப்புறம் என்ன? எழுந்துபோய்த் தொட்டியைத் திருப்பி வைப்பாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் ஒரு முடிவோடு வந்தார். அடுத்த வாரம் சம்மந்தியும் மாப்பிள்ளையும் வருகிறார்கள், பேசி முடித்து அன்றைக்கே அனுப்பிவைத்துவிட வேண்டும் என்றார். வண்டியில் இடம் இருக்காது, இந்தப் பட்டினியை மட்டும் இங்கேயே விட்டுவிடட்டும் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

வெந்நீர்

அவர் போன பிறகு எனக்கு எதையாவது ஒழுங்குபடுத்த வேண்டும் போல இருந்தது. மனசு சரியில்லாதபோது பாத்திரம் துலக்குகிற ஜாதி நான். துலக்கப் பாத்திரம் இல்லை. வாசலுக்கு வந்தேன்.

வரிசையின் கடைசியில் ஒரு தொட்டி. அதில் செடி இல்லை, காய்ந்த குச்சிகள் மட்டும் நின்றன. வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வழியில் பட்டுப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மண்ணைக் கொட்டிக் கழுவி வைக்கட்டுமா என்று ரேவதியைக் கேட்டேன்.

அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்தாள்.

“அது தானா காயலம்மா. அவரு சுடுதண்ணி ஊத்தினாரு.”

கோபத்தில் ஊற்றிவிட்டாரா என்று கேட்டேன். ஆம்பளைகளின் கோபத்துக்குச் சமாதானம் கண்டுபிடிப்பதில் நமக்கு இருக்கிற பயிற்சி அப்படி.

“கோவம்னா எட்டி ஒதச்சிருப்பாரும்மா. தண்ணி கொதிக்கிற வரிக்கும் கெட்டில் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. கொதிச்சப்பறம் என்ன பால்கனிக்குக் கூப்ட்டாரு. பாருன்னு சொன்னாரு. நிதானமா வேர்ல ஊத்தினாரு. ஒரு வார்த்த திட்டல.”

எதற்காக என்று கேட்டேன்.

“அவர கேக்காம உனுக்கு போன் பண்ணிட்டேன். அதுக்கு.”

ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

“அடுத்தது எதுல ஊத்துவாருன்னு நின்னு பாக்க எனுக்கு தெகிரியம் இல்லம்மா. அதான் வந்துட்டேன். செடிங்கள அங்கயே வுட்டுட்டு வர மனசு வரல.”

எங்கள் சத்துணவுக்கூடத்தில் பாக்கியம் என்று ஒரு சமையலர் இருந்தார். ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது அண்டா வழுக்கி அவர் கால்மேல் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் காலைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். கொதிக்கிற தண்ணீர் என்றால் எனக்கு அதுதான். அந்தச் சத்தமும் அந்த வாடையும் இவ்வளவு வருஷம் கழித்து என் வாசற்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

ரேவதி எழுந்து துணியை உலர்த்தப் போனாள். நான் அந்த மண்ணைக் கொட்டினேன். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கவிழ்த்த வேகத்தில் விளிம்பு கொஞ்சம் உடைந்துவிட்டது.

வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். இலையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு மோர் கேட்டார். இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சைடு பார்த்தவர்

ஞாயிறு வந்தது. வெள்ளைக் காரில் சம்மந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். தெரு முழுக்க அன்றைக்கென்று வாசலில் வேலை இருந்தது. மல்லிகா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அது ரேஷன் அரிசியாக இருந்தாலும் அத்தனை கல் இருக்க வாய்ப்பில்லை.

சம்மந்தியம்மா நல்ல முறையில்தான் பேசினார். பெண் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்றார். பால்கனியில் தொட்டி வைத்துத் தண்ணீர் ஒழுகி, கீழ்வீட்டுக்காரர்கள் துணியில் சேறு பட்டு, எத்தனை பேச்சு வாங்கியும் தான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததைக் கால்மணி நேரம் சொன்னார்.

மாப்பிள்ளை பூக்களைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். ரேவதி கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் விரல்கள் கதவு நிலையைப் பிடித்திருந்தன.

அண்ணன் தொண்டையைக் கனைத்து, எல்லாரும் இருக்கும்போதே குறையைச் சொல்லிவிடு என்றார். ரேவதி என்னைப் பார்த்தாள். அதனால் நான் சொன்னேன். செடியில் வெந்நீர் ஊற்றியதைச் சொன்னேன்.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இவ்வளவுதானா என்றார். சம்மந்தியம்மாவும் சிரித்துவிட்டார். ஒரு செடி போனால் இன்னொரு செடி, நர்சரியில் வாங்கினால் போகிறது, இதற்காகவா ஒரு குடும்பம் என்றார். மாப்பிள்ளையும் லேசாகச் சிரித்து, அது ஒரு விளையாட்டு என்றார்.

“நானு சத்துணவுல வருசக் கணக்கா ஒல வெச்சவ, மாப்ள” என்றேன். “தண்ணி கொதிக்க எவ்ளோ நேரம் ஆவும்னு எனுக்குத் தெரியும். அத்தினி நேரம் ஒருத்தரால வெளையாட்டா நிக்க முடியாது.”

அவர் என்னைப் பார்த்தார். கணக்கில் தப்பு செய்த பிள்ளையைத் திருத்துகிற மாதிரி, பொறுமையாக, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அது எலக்ட்ரிக் கெட்டில் அத்தை. அவ்வளவு நேரம் ஆகாது.”

சம்மந்தியம்மாவின் கை சட்டென்று மகன் முழங்கைமேல் வந்து விழுந்தது. அண்ணன் காபி டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். எதிர்வீட்டில் முறத்தின் சத்தம் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். இவர் இப்போது வயலுக்குப் போகப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

“வண்டிய இங்க திருப்ப எடம் பத்தாது” என்றார். “ரிவர்ஸ்லதான் எடுக்கணும். வாங்க, நான் சைடு பாக்கறேன்.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் வாசலில் இறங்கிக் காருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். காபி எல்லாம் டம்ளரில் அப்படியே இருந்தது. சம்மந்தியம்மா ஏதோ சொல்ல வந்தார். கேட்க வேண்டியவர் தெருவில் கையைக் காட்டிக்கொண்டு நின்றால் யாரிடம் சொல்வது? எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது.

கார் பின்னால் நகர்ந்தது. என் வீட்டுக்காரர் தொட்டி வரிசைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடிங்க என்று, தெருமுனைவரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். ஒரு மரியாதைக் குறைவு கிடையாது. வந்ததும் எனக்குச் சோறு போடு என்றார்.

ரேவதிதான் போட்டாள். நைனா, ரசம் ஊத்தட்டுமா என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊற்று என்று சொல்லி, இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு ரசத்தில் நான் உப்புப் போட மறந்திருந்தேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்ட ஒரே நாள் அது.

வெயில்

இதனால் ஏற்பட்ட முதல் நன்மை, அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. குடும்பத்தை நான் கெடுத்துவிட்டதாகப் பெருநகர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் எனக்கு இடம் கொடுத்து உட்காரவைத்து, அப்புறம் விசாரிக்கிறார்கள். நின்றுகொண்டே போவதற்கு அது மேல்.

ரேவதி காஞ்சிபுரத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தாள். கேஸ் நடக்கிறது. நடக்கிறது என்றால், வாய்தாவுக்கு நாங்கள் நடக்கிறோம்.

பங்குனி வெயில் தொடங்கியதும் செடிகள் சரிய ஆரம்பித்தன. இலை மஞ்சளாகி, தண்டு நீண்டு, பூ பொத்தான் அளவுக்குச் சிறுத்துப்போனது. என் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினேன். காலையும் மாலையும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் அப்போதே சொன்னேன் என்று சொல்ல ஒவ்வொருத்தரும் வரிசையில் நின்றார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் கலக்கம்தான். அவள் கொண்டுவந்தது இது ஒன்று. இதுவும் போனால் என்ன ஆவாளோ என்று. ஒருநாள் அவள் லீவில் இருந்தபோது பயந்து பயந்து சொன்னேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். இது பனிக்காலத்துச் செடி, நம் வெயிலில் நிற்காது, வருஷா வருஷம் இப்படித்தான் என்றாள். சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டாள். பாட்டுகூட முணுமுணுத்த மாதிரி இருந்தது. நான்தான் ஒரு சாவு வீட்டுக்காரி மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியாகப் பூத்ததில் சிலதைக் கிள்ளாமல் விட்டிருந்தாளாம். முடிச்சு பழுத்து வெடிக்கிற பதத்தில் முன்பே எடுத்து வைத்திருந்ததை, மருந்துக் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன டப்பியில் உதிர்த்தாள். விதை என்றால் மூக்குப்பொடி. என் வீட்டுக்காரர் டப்பிக்குள் எட்டிப் பார்த்துத் தும்மிவிட்டார். அவர் தும்மலில் பாதித் தோட்டம் பறந்துபோனது.

புரட்டாசிக் கடைசியில் அப்பாவும் மகளும் விதைத்தார்கள். எள் விதைக்கிற மாதிரி மணல் கலந்து தூவு என்று யோசனை சொன்னவர் அவர்தான். அது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் யாரும் கேட்காமலே மேலே வைக்கோலைப் பரப்பி மூடிவிட்டுப் போனார். வெளிச்சம் படாவிட்டால் முளைக்காது என்று ரேவதி அதை எடுத்துப்போட்டாள். மறுநாள் அவர் திரும்ப மூடினார். அவள் திரும்ப எடுத்தாள். பத்து நாள் கழித்து ஊசிமுனை பச்சையாக முளைத்தது. இருவருமே தங்களால்தான் என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

கார்த்திகையில் ஒருநாள், மழை விட்ட பிறகு, மல்லிகா வந்தாள். கையில் காலியான பெயிண்டு வாளி. அடியில் ஓட்டைகூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரு நாற்று கொடு என்றாள்.

பட்டினிப் பூவா, உனக்கா என்றேன். ஆடு திங்காதே, அதற்காகத்தான் என்றாள். நியாயமான காரணம்தான். நாற்றைப் பெயர்த்து, எரு கலந்து வாளியில் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர் எப்படி விட வேண்டும், எதைக் கிள்ள வேண்டும், எங்கே வெயில் படவேண்டும் என்று ரேவதி எனக்குச் சொன்னதையெல்லாம் நான் கண்டுபிடித்தது போலச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் மகளை வந்தவாசியில் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது.

“அக்கா, அந்த காஞ்சிபுரத்து வக்கீலம்மா… எப்பிடி, நல்லா பேசுவாங்களா?”

அவளிடம் சொல்வதற்கென்று ஒரு வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எவ்வளவோ இருந்தன. வாளியை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். ரேவதி பஸ் வருகிற நேரம்தான், உள்ளே வந்து உட்கார் என்றேன்.